எச்சரித்து அனுப்பிய கதை

ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் தம் வாலிப நாட்களைப் பற்றிச் சொன்னார். "ஏட்டையா ரெண்டு அறை வச்சாரு, 'இனிமே செய்யாதேடா'ன்னு வெரட்டி விட்டாரு. அதோட சரி, தம்பி."

என்ன குற்றமென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த 'அதோட சரி' என் மனத்தை விட்டுப் போகவில்லை. இங்கிலாந்தில், குற்றத்தை ஒப்புக்கொண்டவனைப் போலீஸாரே முறைப்படி எச்சரித்து, அதைப் பதிந்தும் வைப்பது பழைய வழக்கம். நம் சட்டத்தில் ஏட்டையாவுக்கு அப்படியோர் அதிகாரம் ஏது? கண்டித்து விடும் உரிமை கோர்ட்டுக்குத்தான். 1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவில், 1923இல் செய்த திருத்தம் அதற்கு வழிவிட்டது. சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தனியே செய்துகொண்டது. பிறகு நாடு முழுவதற்குமாக 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் வந்தது. திருட்டு, மோசடி, இரண்டு வருஷத்துக்கு மேற்படாத தண்டனையுள்ள குற்றம் ஆகியவற்றில் முன் தண்டனை இல்லாதவன் சிக்கினால், அவனைக் கண்டித்து அனுப்பலாம் என்கிறது அதன் 3ஆம் பிரிவு. அந்தத் தீர்ப்பால் அவனுக்குத் தகுதிக்குறைவு வராது என்கிறது 12ஆம் பிரிவு. எழுதியவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தாம். இருந்தும், உத்தியோகம் பறிபோவதை அது தடுக்காது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏட்டையாவின் அறைக்குக் காகிதம் கிடையாது. அடித்தது தப்புத்தான். யாருக்கு அறை, யாருக்கு வழக்கு என்பதும் அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்ததே; எதிர்த்துப் பேசியவனுக்கு எது கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

"கோர்ட்டுக்குப் போயிருந்தா?" என்று கேட்டேன்.

பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார்.

"போயிருந்தா எனக்கு யாரு தம்பி பொண்ணு குடுத்திருப்பாங்க?"