சிறு சுரப்பி தந்த பெரும் பாடம்

சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல அமர்ந்திருப்பவை அதிரினற் சுரப்பிகள். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் நிறையே உடையது. எனினும் இவையின்றி உயிர் தரியாது. 1855ஆம் ஆண்டிலே, இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் அடிசன் என்பார், இச்சுரப்பிகள் பழுதுற்றோர் மெலிந்து, மேனி கறுத்து, மாய்வதை விரித்தெழுதினார். அதன் பின்னரே மருத்துவ உலகம் இவற்றை உற்று நோக்கலாயிற்று.

சுரப்புக் குன்றினால் மட்டுமன்று, கட்டி முளைத்துச் சுரப்பு மிகுந்தாலும் ஆபத்தே. 1886இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரிலே, நெஞ்சுப் படபடப்பும் தலைவலியும் அடிக்கடி வந்து வருத்த, 18 வயதுக் கன்னியொருத்தி இறந்தாள். பெலிக்ஸ் பிராங்கெல் என்னும் மருத்துவர், அவளுடைய இரு சுரப்பிகளிலும் கட்டிகள் இருந்தமையைப் பதிவு செய்தார். இத்தகைய கட்டிக்கு 1912இல் லுட்விக் பிக் என்பார் 'பியோகுரோமோசைற்றோமா' எனப் பெயரிட்டார். 1926இல் சுவிற்சலாந்தில் செசார் ரூவும், அமெரிக்காவிற் சாள்ஸ் மேயோவும் இக்கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றி நோயாளரைப் பிழைக்க வைத்தனர். 1955இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்து ஜெரோம் கொன், அல்டொஸ்தரோனை மிகையாய்ச் சுரக்கும் சிறு கட்டியாலும் குருதியமுக்கம் உயரும் என விளக்கினார். கட்டியை அகற்றியதும் அவரது நோயாளி நலம் பெற்றார்.

இச்சுரப்பியில் எழும் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சுரப்பியின் புறணியில் எழும் புற்றுநோயோ பத்து இலட்சம் பேருக்கு ஆண்டொன்றில் ஓரிருவரையே பற்றும். ஆயினும் பற்றினாற் கொடிது.

பிரைபேர்க் கன்னியின் கதை அவளுடன் முடியவில்லை. 2007இலே, உயிருடனிருந்த அவளுடைய உறவினரை ஆராய்ந்தபோது, இக்கட்டியைத் தலைமுறை தலைமுறையாய்க் கடத்தும் மரபணு மாற்றம் அவர்களிடையே காணப்பட்டது. நூற்றிருபது ஆண்டு கழிந்தும் அவள் நோய்க்குறிப்பு உறவினருக்கு எச்சரிக்கையாயிற்று. அன்று எழுதி வைத்திராவிடின், அவ்வெச்சரிக்கை ஏது?

எமது சமுதாயத்திலோ, கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமென்று குடும்ப நோயை மூடி மறைக்கின்றோம். இளவயதுச் சாவை 'ஊழ்வினை' என்று சொல்லி அமைகின்றோம். ஊழை நாம் மறுக்கவில்லை. ஆனால் அறியக்கூடியதை அறியாது விடுதல் ஊழன்று, எம் தவறு. பெரியோரே, உங்கள் தாய்தந்தையர் எந்நோயால் மறைந்தனர் என்பதை எமக்குச் சொல்லுங்கள். இளைஞராகிய நாம் அதைக் கேட்டு, எழுதி வைப்போமாக.