மருத்துவமனைக் கட்டிலும் இல்லத்துக் கதவும்: இங்கிலாந்து, ஹாங்காங்

2020 மே 19 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு முன்பு ஹாங்காங் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரி லம் சாட்சியம் அளித்தார். தங்கள் ஊர் முதியோர் இல்லங்களில் கோவிடுக்கு ஓர் உயிர்கூடப் போகவில்லை என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் நாட்டில் அதற்குள் இல்லவாசிகள் ஆயிரக்கணக்கில் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டை அன்றோடு நிறுத்திக்கொண்டால் தீர்ப்பு சுலபம். ஆனால் 21 மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில், தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. அதனால்தான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். இங்கிலாந்து இல்லங்களில் பெரும்பாலோருக்குத் தனியறை உண்டு. ஹாங்காங்கின் தனியார் இல்லங்கள் பலவற்றில் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரு தளத்தைத் தோளுயரப் பலகைகளால் தடுத்துக் கட்டில்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அன்றைய சட்டம் ஓர் ஆளுக்குக் கேட்ட குறைந்தபட்ச இடம் 6.5 சதுர மீட்டர். ஒருவர் இருமினால் அந்த வரிசையே கேட்கும். இடத்தை மட்டும் வைத்துக் கணித்தால் 2020இல் அடிபட்டிருக்க வேண்டியது ஹாங்காங்தான்.

அது தப்பியதற்குக் காரணம் 2003. சார்ஸ் நோய் 299 உயிர்களைக் கொண்டுபோன அந்த ஆண்டில், மருத்துவமனையே நோய் பரப்பும் இடமாகும் என்பதை நகரம் நேரில் கண்டது. சூடு கண்ட பூனையாக அது சில விதிகளை வகுத்துக்கொண்டது: ஒவ்வோர் இல்லத்திலும் தொற்றுத் தடுப்புக்கென ஒரு பொறுப்பாளர், முகக்கவசமும் கையுறையும் முன்கூட்டியே இருப்பில், தொற்று கண்டவர் உடனே மருத்துவமனைக்கு, அவரோடு பழகியவர்கள் 14 நாள் வேறிடத்தில். நோயாளி இல்லத்திலிருந்து மருத்துவமனைக்குப் போகலாம். நோய் மருத்துவமனையிலிருந்து இல்லத்துக்கு வரக் கூடாது.

இங்கிலாந்தில் நடமாட்டம் நேர் எதிர்த் திசையில் இருந்தது. இத்தாலியின் லொம்பார்டியில் மருத்துவமனைகள் திணறியதைப் பார்த்த பீதியில், குறைந்தது 30,000 கட்டில்களைக் காலி செய்யுமாறு 2020 மார்ச் 17 அன்று இங்கிலாந்து மருத்துவமனைகளுக்குக் கடிதம் போயிற்று. அன்று முதல் ஏப்ரல் 15 வரை சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலருக்குப் பரிசோதனையே நடக்கவில்லை. இல்லங்களைச் சுற்றித் தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பு வளையம் போட முயன்றதாக சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் மே மாதம் சொன்னார். வளையத்தின் நடுவில் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்ததை அவர் சொல்லவில்லை. ஆனாலும் கட்டில்களைக் காலி செய்தவர்களை வில்லன்களாக்குவது நியாயமில்லை; பரிசோதனைக் கருவிகள் அப்போது உண்மையிலேயே போதவில்லை.

இனி கதை திரும்புகிறது. 2020 டிசம்பரில் தடுப்பூசி வந்ததும் இங்கிலாந்து முன்னுரிமைப் பட்டியலின் முதல் வரியில் இல்லவாசிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களையும் எழுதியது. ஃபைசர் தடுப்பூசி 975 தவணைகள் கொண்ட பெட்டியில், கடுங்குளிரில் வந்தது. நாற்பது பேர் இருக்கும் இல்லத்துக்கு அந்தப் பெட்டியை எப்படிக் கொண்டுபோவது? பிரித்துச் சிறு பொதிகளாக்க ஒப்புதல் வாங்கினார்கள். 2021 ஜனவரி முடிவதற்குள், தொற்றுப் பரவலால் தள்ளிப்போட நேர்ந்தவை நீங்கலாக, முதியோர் இல்லங்கள் அனைத்துக்கும் முதல் தவணை சென்றுவிட்டது. அதே குளிர்காலத்தின் இரண்டாம் அலை அதற்குள் பலரைக் கொண்டுபோயிருந்தது என்பதும் உண்மை. முதல் ஓராண்டில் கோவிட் தொடர்பான இல்லவாசி மரணங்கள் 39,000ஐத் தாண்டின.

ஹாங்காங்கிலும் 2021இல் தடுப்பூசிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பயத்துக்குத்தான். ஊருக்குள் நோயே இல்லாதபோது தொண்ணூறு வயது அம்மாவுக்கு எதற்கு ஊசி என்று பிள்ளைகள் தயங்கினார்கள். நாள்பட்ட நோயுள்ளவர்களுக்குப் போட மருத்துவர்களில் சிலரும் தயங்கினார்கள். அந்த ஆண்டு முடியும்போது இல்லவாசிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் ஒரு தவணையாவது கிடைத்திருந்தது. பிறகு ஒமிக்ரான் வந்தது. அது எழுப்பிய ஐந்தாம் அலையில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் இல்லவாசிகள்.

இங்கே என்னை அதிகம் யோசிக்க வைப்பது, காப்பாற்றிய விதியே கழுத்தை நெரித்ததுதான். தொற்று கண்டவர் எல்லோரும் மருத்துவமனைக்கு என்ற விதி, பத்துப் பேருக்குத் தொற்று இருந்தபோது அரண். பத்தாயிரம் பேர் ஆனபோது அதே விதி மருத்துவமனை வாசலை அடைத்துவிட்டது. காரித்தாஸ் மருத்துவமனைக்கு வெளியே, பிப்ரவரிக் குளிரில், திறந்தவெளியில், சக்கரக் கட்டில்களில் போர்வை போர்த்தி முதியவர்கள் படுத்திருந்த படங்களை உலகமே பார்த்தது. இடமில்லாததால் தொற்றோடு இல்லத்திலேயே விடப்பட்டவர்களை யாரும் படமெடுக்கவில்லை. அங்கே பக்கத்துக் கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவே அந்தத் தோளுயரப் பலகைதான்.

இரண்டு இடங்களுக்கும் உள்ள உறவு இங்கேதான் புலப்படுகிறது. இங்கிலாந்து 2020இல் மருத்துவமனையைக் காக்க முதியவர்களை வெளியே அனுப்பியது. ஹாங்காங் 2022இல் மருத்துவமனை நிரம்பியதால் முதியவர்களை உள்ளே எடுக்க முடியாமல் நின்றது. இரண்டு இடத்திலும் கணக்குப் போடப்பட்டது கட்டிலுக்கு. மிச்சம் விழுந்தது இல்லத்தில். நினைப்பிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பராமரிப்பு இல்லவாசிகளுக்குத் தொற்று வர வாய்ப்பு மிகக் குறைவு என்று 2020 பிப்ரவரி 25 தேதியிட்ட இங்கிலாந்து வழிகாட்டுதல் சொன்னது. மார்ச் 13 அன்று அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஹாங்காங் குடும்பங்கள் 2021 முழுக்க ஏறக்குறைய அதையேதான் நம்பின. ஒருவரை அறியாமை நம்பவைத்தது, மற்றவரை வெற்றி நம்பவைத்தது.

வேற்றுமை கணக்குக் கேட்பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் தந்தையரைப் பறிகொடுத்த இரு மகள்கள் வழக்குத் தொடுத்தார்கள். அறிகுறி இல்லாதவர்கள் மூலமும் நோய் பரவலாம் என்ற ஆபத்தை எண்ணிப் பார்க்காமல் நோயாளிகளை இல்லங்களுக்கு அனுப்ப வழிசெய்த கொள்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஹாங்காங்கில் தடுப்பூசிக் குழுக்கள் அவசர அவசரமாக இல்லம் இல்லமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன: இங்கிலாந்து 14 மாதம் முன்பு முடித்திருந்த அதே வேலைக்காக.