1952ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டசபை: அங்கத்துவமும் கட்சிநிலையும்

ஒரு சட்டசபையின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதற்கண் நோக்கவேண்டியவை அதன் அங்கத்தவர் தொகையும் கட்சிகளின் பலாபலமுமாகும். ஆயின், அவ்வெண்கள் எந்நிலத்தில், எக்காரணத்தால் எழுந்தன என்பதை ஆராய்ந்தாலன்றி அவற்றின் பொருள் புலப்படாது. 1952ஆம் ஆண்டிற் கூடிய சென்னை இராச்சியச் சட்டசபை இவ்வுண்மைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

அக்காலச் சென்னை இராச்சியம் தமிழ் மாவட்டங்களோடு தெலுங்கு மாவட்டங்களையும், மலபாரையும், தென் கன்னடத்தையும், பெல்லாரியையும் தன்னகத்தே கொண்டிருந்தது. வரையறுக்கப்பட்ட வாக்குரிமையோடு 1946இல் நடைபெற்ற தேர்தலிற் காங்கிரஸ் 215 இடங்களுள் 163 இடங்களைப் பெற்றிருந்தது. 1952 சனவரித் தேர்தலோ, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிய புதிய அரசியல் யாப்பின்கீழ் நிகழ்ந்த முதற்றேர்தலாகும். சபையின் இடங்கள் 375, தொகுதிகளோ 309. அவற்றுள் 66 தொகுதிகள் இருவரைத் தெரிவு செய்யும் இரட்டைத் தொகுதிகள். அவ்விரு இடங்களுள் ஒன்று, 62 தொகுதிகளில் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், 4 தொகுதிகளிற் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆதலின், முன்னர்ச் சபையின் வாயிலை அணுகவியலாதிருந்த மக்கட்பிரிவினர் பலர் அங்கத்தவராயினர். அச்சபையின் நாயகராகத் தெரியப்பட்ட ஜெ. சிவசண்முகம் பிள்ளையும் தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்தவரே.

தேர்தல் முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்திற்று. காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. கம்யூனிஸ்டுக் கட்சி 62, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19, கிருஷிகார் லோக் கட்சி 15, சோஷலிஸ்டுக் கட்சி 13, பொதுநலக் கட்சி 6, முஸ்லிம் லீக் 5, மார்க்சீயப் பார்வர்ட் பிளாக் 3, தாழ்த்தப்பட்டோர் சம்மேளனம் 2, நீதிக்கட்சி 1 என ஏனைய இடங்கள் பங்கிடப்பட்டன. சுயேச்சையாளர் 62 பேர். முதன்மந்திரி குமாரசாமி ராஜாவும், மந்திரி பக்தவத்சலம் முதலியோரும் தோல்வியுற்றனர். அறுதிப் பெரும்பான்மைக்கு 188 பேர் வேண்டியிருக்க, மிகப் பெரிய கட்சிக்கே 36 பேர் குறைவாயினர்.

இத்தோல்வி இராச்சியம் எங்கணும் ஒரேவகையாய் நிகழ்ந்ததன்று. தமிழ் மாவட்டங்களின் 190 இடங்களுட் காங்கிரஸ் 96 இடங்களைப் பெற்றது. ஈண்டு அதற்குச் சிறு பெரும்பான்மை உண்டு. தென் கன்னடத்தின் 11 இடங்களுள் 9 அதன் வசமாயின. மலபாரிலோ 29 இடங்களுள் நான்கே கிடைத்தன. தெலுங்கு மாவட்டங்களும் பெல்லாரியுமான எஞ்சிய பகுதியின் 145 இடங்களுள் 43 மட்டுமே அதனைச் சார்ந்தன. தெலுங்கு நாட்டில் அக்கட்சியின் தலைவர்களாயிருந்த பிரகாசமும் ரங்காவும் 1951இற் பிரிந்து சென்று தனித்தனிக் கட்சிகளைக் கண்டமையும், தனி ஆந்திர இராச்சியக் கோரிக்கை நிறைவேறாமையும், குடியானவரிடையே கம்யூனிஸ்டுகள் பெற்றிருந்த செல்வாக்கும் இதற்குரிய காரணங்களாம். தமிழ்நாட்டின் வடபகுதியிற் காங்கிரஸை எதிர்த்து நின்றவை வன்னியர் சமூகத்தின் ஆதரவைப் பெற்ற உழைப்பாளர் கட்சியும் பொதுநலக் கட்சியுமாம். அத்தேர்தலிற் றானே போட்டியிடாத திராவிட முன்னேற்றக் கழகம் அவ்விரு கட்சியினருக்கும் ஆதரவளித்தது.

காங்கிரஸ் அல்லாத கட்சிகள் பல பிரகாசத்தின் தலைமையில் ஐக்கிய சனநாயக முன்னணியாய் ஒன்றுகூடி, 166 பேரின் ஆதரவு தமக்குண்டென உரிமை கோரின. காங்கிரஸார் அரசியலினின்றும் ஒதுங்கியிருந்த இராஜகோபாலாச்சாரியாரை நாடினர். கவர்னர் ஸ்ரீ பிரகாசா அவரை மேற்சபைக்கு நியமித்து மந்திரிசபை அமைக்க அழைத்தார். 1952 ஏப்பிரல் 10ஆந் திகதி அவர் பதவியேற்றார். மேற்சபை நியமனம் இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை என்பவற்றிற் சிறந்தோருக்கென யாப்பு வகுத்ததாகும். இராஜாஜி சிறந்த எழுத்தாளர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மக்கள் முன் தேர்தலில் நில்லாத ஒருவரை முதன்மந்திரியாக்குதற்கு அவ்விதியைக் கருவியாக்கலாமோ என்ற வினா எழுந்தது. கம்யூனிஸ்டுத் தலைவர் பி. இராமமூர்த்தி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார், அது தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் வினா அத்துடன் முடிந்தது. அரசியல் ஒழுக்கத்தின் வினாவோ இன்றும் முடிந்தபாடில்லை.

பின்னர் எண்கள் இடம்பெயரத் தொடங்கின. பொதுநலக் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். சுயேச்சையாளரும் சிறு கட்சியினரும் பலர் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தனர். 1952 யூலை 3ஆந் திகதி நம்பிக்கைத் தீர்மானத்திற்குச் சார்பாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் அளிக்கப்பட்டன. சனவரியில் 152 ஆக இருந்தது ஆறு மாதங்களில் 200 ஆயிற்று. இடையிற் பொதுத்தேர்தல் எதுவும் நிகழவில்லை.

எனினும், வலிமை மிக்க எதிர்க்கட்சி வரிசை பயனற்றுப் போயிற்றென்று கொள்ளல் தவறாகும். தஞ்சை மாவட்டத்துக் குத்தகையாளரையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கும் அவசரச் சட்டம் 1952ஆம் ஆண்டிலேயே பிறந்தமைக்கு, வயற்றொழிலாளரிடையே கம்யூனிஸ்டுகள் பெற்றிருந்த செல்வாக்கு ஒரு முக்கிய காரணமாம். 1953இல் ஆரம்பக் கல்வித் திட்டம் சபையில் விவாதிக்கப்பட்டபோது, பிள்ளைகள் அரைநாட் பள்ளியிற் கற்று, எஞ்சிய நேரத்திற் பெற்றோரின் தொழிலைப் பயிலவேண்டுமென்ற அதன் ஏற்பாடு குலக்கல்வியெனக் கண்டிக்கப்பட்டது. அதனைக் கைவிடவேண்டுமென்ற தீர்மானத்திற்குச் சார்பாக 138, எதிராக 138 என வாக்குகள் சமமாகவே, சபாநாயகரின் வாக்கினால் அது தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு விடவேண்டுமென்ற தீர்மானமோ 139க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறிற்று. இரண்டு வாக்குகள் ஓர் அரசாங்கத்தின் கல்விக் கொள்கையைத் தடுத்து நிறுத்தின.

1953 ஒக்டோபர் முதலாந் திகதி ஆந்திர இராச்சியம் பிறந்தது. பெல்லாரியின் பெரும்பகுதி மைசூருடன் இணைந்தது. சென்னைச் சபையில் எஞ்சிய இடங்கள் 230. 1952ஆம் ஆண்டு முடிவை அவ்விடங்களுக்கு மட்டும் கணக்கிட்டாற் காங்கிரஸ் பெற்றவை 109. பெரும்பான்மைக்கு வேண்டியவை 116. முன்னர் 36 ஆக இருந்த குறை ஏழாகச் சுருங்கிற்று. தமிழ் மாவட்டத்து இரு சிறு கட்சிகளின் 25 பேரே அக்குறையை நிரப்பப் போதியவர். 1954இல் இராஜாஜி விலகக் காமராசர் முதன்மந்திரியானார். உழைப்பாளர் கட்சித் தலைவர் இராமசாமிப் படையாட்சி அவர் மந்திரிசபையிற் சேர்ந்தார். காமராசரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களின் வாக்கைப் பெற்றே சட்டசபை புகுந்தார். முன்னவரின் நியமனத்தோடு இதனை ஒப்புநோக்குவோர்க்கு இதன் சிறப்பு எளிதிற் புலனாகும்.

1957இற் காங்கிரஸ் 205 இடங்களுள் 151 இடங்களைக் கைப்பற்றிற்று. 1952இற் பெற்ற இடங்களினும் இது ஒன்று குறைவு. ஆயினும் முன்னது தோல்வி, பின்னது பெருவெற்றி. இடையில் மாறியது அக்கட்சியின் செல்வாக்கு மட்டுமன்று, இராச்சியத்தின் எல்லையுமாகும். பல மொழியினரை ஒரே சபையில் நிறுத்திய பழைய எல்லை, எவர்க்கும் பெரும்பான்மை தாராத சபையைத் தோற்றுவித்தது. மொழிவழி எல்லை நிலையான அரசாங்கத்திற்கு வழிவகுத்தது.

அந்நாளைய ஏற்பாடுகள் பல இன்றில்லை. இரட்டைத் தொகுதிகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கின. மேற்சபை 1986இல் ஒழிந்தது. தேர்தலின்பின் கட்சி மாறுவோரும், கட்சியிற் சேரும் சுயேச்சையாளரும் பதவியிழக்க நேரிடுமென 1985ஆம் ஆண்டு யாப்புத் திருத்தம் விதித்தது. எனினும், வாக்காளர் அளித்த எண்ணுக்கும் ஆள்வோர் திரட்டும் எண்ணுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை எவ்வாறு நியாயப்படுத்துவது என்ற வினா, பெரும்பான்மையற்ற சபை தோன்றுந்தோறும் மீண்டும் எழவே செய்யும். அவ்வினாவை ஆராய்வோர் 1952ஆம் ஆண்டுச் சென்னைச் சபையைப் புறக்கணித்தல் இயலாது.