25 டாலர் மூளை

அரசர்களின் பொக்கிஷத்தைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரனின் சட்டைப்பையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆயினும் மேஜைக் கம்ப்யூட்டரின் சரித்திரத்தில் முக்கியமான ஓர் அத்தியாயம் அந்தச் சட்டைப்பையால் எழுதப்பட்டதுதான்.

கலிபோர்னியாவில் வளர்ந்த ஸ்டீவ் வாஸ்னியாக்குக்குப் பள்ளி நாட்களிலேயே ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு. பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைக் காகிதத்தில் வரைந்து பார்ப்பார். சாமான் வாங்கக் காசு கிடையாது. ஆகவே, இன்னும் இரண்டு சில்லைக் குறைத்து இதே வேலையை முடிக்க முடியுமா என்று பார்ப்பதே விளையாட்டாயிற்று. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கப்போவதாக ஒருநாள் தகப்பனாரிடம் சொன்னார். ஒரு வீட்டின் விலை ஆகுமே என்றார் தகப்பனார். அப்படியானால் வாடகை அறையில் இருந்துகொள்கிறேன் என்றாராம் பிள்ளை!

1975 ஜனவரியில், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் 'ஆல்டேர்' 397 டாலருக்கு விளம்பரமாயிற்று. அது வெறும் தொடக்கந்தான். நினைவுச் சில்லு, விசைப்பலகை, திரை என்று கல்யாணச் செலவைப் போல அது ஏறிக்கொண்டே போகும். அவ்வருஷம் மார்ச்சில் மென்லோ பார்க்கில் ஒரு கார் கொட்டகையில் கூடிய ஆர்வலர் கூட்டத்துக்கு வாஸ்னியாக்கும் போனார். தாமே ஒன்று செய்வதென்று தீர்மானித்தார்.

முதற் கேள்வி, மூளை. மோட்டரோலாவின் சில்லு கடையில் 175 டாலர். செப்டம்பரில் ஸான்பிரான்ஸிஸ்கோ கண்காட்சியின்போது, மோட்டரோலாவிலிருந்து விலகி வந்த சக் பெடில் என்பவர், ஒரு ஹோட்டல் அறையில் 6502 என்னும் சில்லை 25 டாலருக்கு விற்றார். கண்ணாடி ஜாடி நிறையச் சில்லுகள் இருந்தன. அடியில் கிடந்தவை ஓடாத சில்லுகள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மேலே இருந்தவை நன்றாகவே ஓடின. தரத்தில் கை வைத்து வந்த மலிவு அல்ல அது. தயாரிப்பில் வீணாவதைக் குறைத்ததால் வந்த மலிவு.

திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சியே போதும் என்றார் வாஸ்னியாக். நினைவுக்கு, மற்றவர்கள் 32 சில்லு வைத்த இடத்தில் 8 சில்லு வைத்தார். இந்த எட்டும் மறதிக்காரச் சில்லுகள்; கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பல முறை ஞாபகப்படுத்தாவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும். திரைக்கு எழுத்து அனுப்பும் வேலையின் நடுவே அந்த ஞாபகப்படுத்தலையும் சேர்த்துவிட்டார். கம்ப்யூட்டர் நேரத்தை வாடகைக்கு எடுக்க வழியில்லாததால், அதற்கு வேண்டிய 'பேஸிக்' மொழியையும் காகிதத்தில் கையாலேயே எழுதி முடித்தார்.

சிக்கனத்துக்கும் கருமித்தனத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் எனக்குத் தெரிகிறது. கருமி செலவைக் குறைத்து, அந்தக் குறையைப் பொருளின் தலையில் கட்டுவான். இவரோ பணம் இல்லாத இடங்களிலெல்லாம் தம் யோசனையைச் செலவழித்தார்.

அதுவே 1976ல் 'ஆப்பிள் 1' என்று 666.66 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பெட்டி கிடையாது, விசைப்பலகை கிடையாது. செய்தது ஏறக்குறைய 200. அவற்றில் ஒன்றை 2014ல் ஹென்றி ஃபோர்டு பெயரிலுள்ள காட்சிசாலை 9,05,000 டாலர் கொடுத்து வாங்கிற்று. அதற்குள்ளே இருப்பதும் அதே 25 டாலர் மூளைதான்.