நீள்வட்டத் துளை மாண்டலின்

நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலின், மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிய குடுக்கை வடிவினது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் தனியொருவராய்ப் பட்டறை நடத்திய ஆர்வில் கிப்சன் அம்முறையை ஏற்றாரில்லை. வயலினைப் போல மேற்பலகையையும் பின்பலகையையும் கட்டை மரத்தினின்று செதுக்கியெடுத்தார். 1898இல் காப்புரிமை பெற்றார். 1902இல் பிறர் முதலிட்டு அவர் பெயரால் நிறுவனம் கண்டனர். அதன் கருவிகளில் நீள்வட்டத் துளையே நெடுநாள் நிலைத்தது.

1922இல் அந்நிறுவனத்து லாயிட் லோர் உருவாக்கிய ‘எஃப்-5’ வகையில் ஒரு துளை இரண்டாகி, ‘எஃப்’ எழுத்தின் வடிவுற்றது. அன்று அதை வாங்குவோர் மிகுதியாக இல்லை. லோரும் 1924இல் விலகினார். பிற்காலத்தில் பில் மன்றோ, 1923ஆம் ஆண்டுக் கருவியொன்றைக் கொண்டு புளூகிராஸ் இசையை வளர்த்தபோதே அதன் கூரிய ஓசை புகழ்பெற்றது. நீள்வட்டத் துளையோ பழமையெனத் தள்ளப்பட்டது. குற்றம் துளையிலன்று. பாஞ்சோவும் வயலினும் முழங்கும் குழுவில் அதன் குழைந்து நீளும் நாதம் அமிழ்ந்துபோயிற்று, அவ்வளவே!

தனித்து இசைப்போர் அந்நாதத்தை நாடி இன்றும் சிறு பட்டறைகளுக்குச் செல்கின்றனர். துளையின் வடிவை மட்டும் சொல்லிவிட்டு வருவது போதாது. மேற்பலகையின் கனம், அதனடியில் குறுக்கே ஓடும் தாங்குகட்டை, கழுத்தின் அகலம் ஆகியவற்றைச் செய்பவரிடமே கேட்டறிதல் வேண்டும். விலைப்பட்டியல் இவற்றைச் சொல்வதில்லை. உளி பிடித்த கை சொல்லும்.