ஆன்டிபயாடிக் மருந்துகள்: தேர்வும் தெளிவும்

"நல்ல பவரான மாத்திரையா எழுதிக் குடுங்க டாக்டர்" என்ற வேண்டுகோளைக் கேட்காத மருத்துவர் தமிழ்நாட்டில் அரிது. ஆனால் ஆன்டிபயாடிக் மருந்துகளில் பவர் என்ற அளவுகோலுக்கு இடமில்லை. கிருமியின் உடலமைப்பு, அது உடலில் தங்கும் இடம் ஆகிய இரண்டுமே மருந்தைத் தீர்மானிக்கின்றன.

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலினும், பின்னர் வந்த செஃபலோஸ்போரின், கார்பபெனெம் வகைகளும் பீட்டா-லாக்டம் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாக்டீரியாவைச் செல்சுவர் கட்டவிடாமல் இவை தடுக்கின்றன. மனித செல்லுக்குச் சுவர் கிடையாது. ஆகவே ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு இவை பெரும்பாலும் பாதுகாப்பானவை. தொண்டையைப் புண்ணாக்கி, வாதக் காய்ச்சல் வழியே இதய வால்வையும் கெடுக்கவல்ல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் இன்றும் பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது. அங்கே பழைய மருந்தே முதல் மருந்து.

செல்சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவிடம் இந்தக் குடும்பம் முழுவதும் செல்லாது. புரத உற்பத்தியை முடக்கும் அசித்ரோமைசினோ டாக்சிசைக்ளினோ அதற்கு வேண்டும். நம் ஊர்களில் காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலிலும் இதே நிலைதான். அதன் கிருமி நம் செல்களுக்குள்ளேயே பெருகுகிறது. விலையுயர்ந்த கார்பபெனெம் வகை மெரோபெனெம் ஊசிக்கு மசியாத காய்ச்சல், மலிவான டாக்சிசைக்ளினில் பெரும்பாலும் இரண்டு நாளில் தணிந்துவிடும். டாக்சிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள் கிராம்-நெகடிவ் கிருமிகளை விரைந்து கொல்பவை. ஆனால் கிருமிக்குள் நுழைய அவற்றுக்கு ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜனில்லாச் சூழலில் வளரும் கிருமிகளுக்கு மெட்ரோனிடசோலே ஏற்றது. சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடியவை என்பதால் அமினோகிளைக்கோசைடுகளை அளவறிந்து தர வேண்டும்.

டி.என்.ஏ. நகலெடுப்பைத் தடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் ஒருகாலத்தில் டைஃபாய்டுக்கு நம்பிக்கையான மருந்து. எதிர்ப்புத் திறன் பெருகியதால் அந்த இடம் இன்று செஃப்ட்ரியாக்சோனுக்கும் அசித்ரோமைசினுக்கும் போய்விட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து லீவோஃப்ளாக்சசினை நாள்பட்ட இருமலுக்குக் கொடுத்தால் காசநோய் தற்காலிகமாக அடங்கி, நோயறிதல் தாமதமாகும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இதை மறக்கலாகாது.

இவற்றையெல்லாம் கருதித்தான் உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாக வகுத்தது. அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவை முதலில் நாட வேண்டியவை. செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை கவனத்துடன் கையாள வேண்டியவை. கோலிஸ்டின், லினசோலிட் போன்றவை வேறு வழியற்றபோது மட்டும் எடுக்க வேண்டியவை.

கடும் தொற்று எனச் சந்தேகித்தால் முதல் ஊசிக்கு முன்பே, சிகிச்சையைத் தாமதப்படுத்தாமல், கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுங்கள். முடிவு வந்ததும் அந்தக் கிருமிக்கு ஏற்ற மருந்தாகச் சுருக்குங்கள். சளி, ஃப்ளூ, டெங்கு ஆகியவை வைரஸ் நோய்கள். அவற்றை எந்த ஆன்டிபயாடிக்கும் குணப்படுத்தாது.