வெள்ளைச் சீனி வருவதற்கு முன் பலகாரம் எப்படி இனித்தது?

தீபாவளிக்கு அதிரசம், பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை, கார்த்திகைக்குப் பொரி உருண்டை. இந்த மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றும் வெல்லத்தில் செய்பவை. "வெள்ளைச் சர்க்கரை சேர்க்காதது" என்று சீட்டு ஒட்டி, இன்று கடைகளில் கூடுதல் விலைக்குத் தின்பண்டங்கள் விற்கிறார்கள். சில தலைமுறைகளுக்கு முன்பு தமிழ்நாட்டு வீடுகளில் அப்படி ஒரு பெயரே தேவைப்படவில்லை. பலகாரம் என்றாலே அப்படித்தான்!

கரும்பும் பனையும்

கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் சொல்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓசையும், சாறு காய்ச்சும் ஆலைகளின் புகையும் வருகின்றன. அப்பம் சுடும் கூவியரும், அவர்கள் பாகு சேர்த்துச் செய்த பண்டமும் அதே நூலில் உண்டு. ஆக, அரிசி மாவும் பாகும் சேர்ந்த கூட்டணிக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள்.

தண்ணீர் இருந்த ஊர்களில் கரும்பு விளைந்தது. திருச்செந்தூர், உடன்குடி, ராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளுக்குப் பனைதான் இனிப்பு கொடுத்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பனஞ்சாறு புளித்துக் கள்ளாகாது, பதநீராக இறங்கும். ஆண்கள் மரமேறி இறக்குவார்கள். பெண்கள் அதை அடுப்பில் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். உறைந்தால் கருப்பட்டி. யாழ்ப்பாணத்தில் இதையே பனங்கட்டி என்பார்கள்.

ஆலைச் சீனி எப்படி நுழைந்தது?

கடலூருக்குப் பக்கத்தில் உள்ள நெல்லிக்குப்பத்தில் 1842லேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. ஆனாலும் 1920களில் இந்தியாவுக்கு வெள்ளைச் சர்க்கரை பெருமளவில் ஜாவாவிலிருந்து கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. 1932ல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்து, இறக்குமதிச் சர்க்கரைக்கு வரி போட்டது. அதுவரை சுமார் 30 ஆக இருந்த இந்திய ஆலைகள் நான்கைந்து ஆண்டுகளில் 100ஐத் தாண்டின. பிறகு ரேஷன் கடை வழியாகவும் சீனி வீட்டுக்குள் வந்தது. பழுப்பு நிறக் கருப்பட்டி ஏழை வீட்டுப் பண்டமாகவும், வெள்ளைச் சீனி விருந்தாளிக்குக் கொடுக்கும் பண்டமாகவும் ஆயின.

இந்த மாற்றத்தை அன்றே கேள்வி கேட்டவர் காந்தி. 1934ல் அவர் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், ஆலைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லத்தை ஊக்குவித்தது. அவருக்கு அது நாக்கின் பிரச்சினை மட்டும் அல்ல. வெல்லம் காய்ச்சுவது கிராமத்தின் வேலை. 1937ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கள் இறக்கியவர்களுக்கு மாற்றுத் தொழிலாக முன்வைக்கப்பட்டதும் பதநீரும் பனைவெல்லமும்தான்.

சீனியால் வெல்ல முடியாத பலகாரம்

இவ்வளவுக்குப் பிறகும் அதிரசத்தைச் சீனியால் அசைக்க முடியவில்லை. ஏன்? ஆலையில் சாற்றைச் சுழற்றி, கசண்டைப் பிரித்து, தூய படிகத்தை மட்டும் எடுக்கிறார்கள். வெல்லத்தில் அந்தக் கசண்டோடு கொஞ்சம் குளுக்கோஸும் பிரக்டோஸும் தங்குகின்றன. இவை ஈரத்தைப் பிடித்து வைப்பவை. அதனால்தான் ஈர அரிசியை இடித்து, பாகில் கிளறி, ஓரிரு நாள் ஊறவைத்துச் சுட்ட அதிரசம் நாட்கணக்கில் மெத்தென்று இருக்கிறது. பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்த பாட்டிகளுக்கு இந்த வேதியியல் பெயர்கள் தெரியாது. பதம் தெரியும்!

கோவில்பட்டி கடலைமிட்டாயும் வெல்லப்பாகில் செய்வதுதான். 2020ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்றைய சிக்கல்

இதில் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரைதான். கொஞ்சம் தாதுச் சத்து கூடுதல், அவ்வளவே. நீரிழிவு உள்ளவர்கள் "வெல்லம்தானே" என்று அள்ளிச் சாப்பிடக் கூடாது. இரண்டு, இன்று விற்கும் வெல்லம், கருப்பட்டி சிலவற்றில் விலை மலிவான வெள்ளைச் சீனியையே கலந்து காய்ச்சுகிறார்கள். பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காக ரசாயனமும் சேர்க்கிறார்கள். சீனி வேண்டாம் என்று ஓடியவர் வீட்டுக்கு, சீனியே மாறுவேடத்தில் வந்து சேருகிறது!

இதில் அதிகம் தோற்பவர் பனையேறிதான். உயிரைப் பணயம் வைத்து உயர்ந்த மரத்தில் ஏறி இறங்கும் அவருடைய சரக்கு, சீனி கலந்த சரக்கோடு விலையில் போட்டி போட முடியாது. 1978ல் பனையை மாநில மரமாக அறிவித்தாயிற்று. மரத்துக்கு மரியாதை கிடைத்தது. அதில் ஏறுபவருக்கும் கிடைக்க வேண்டுமானால், பலகாரம் சுடும் வீடுகள் வெளுத்த வெல்லத்தைத் தள்ளிவிட்டு, கருத்த நல்ல சரக்கை அதன் நியாயமான விலைக்கு வாங்க வேண்டும்.